முத்தத்துக்கு முன்னால் ஒதுங்குதல்

ஊரார் கல்யாணத்தையெல்லாம் நடத்திவைக்கும் ஆசை நோலீனுக்குக் கிடையாது. மகள் டீகனுடைய கல்யாணம் ஒன்று போதும். அதற்காகத்தான் ஐம்பத்தெட்டு வயதில் ஆஸ்திரேலியாவின் பாலரட் நகரில் செலிப்ரன்ட் பயிற்சியில் சேர்ந்தாள். பாதிரியார் வேண்டாம் என்கிறவர்களுக்குக் கல்யாணம், பெயர்சூட்டல், இறுதிச்சடங்கு எல்லாம் நடத்தித்தரும் வேலை அது. விட்டுப்போன புருஷன் டெஸ்மண்ட் பெண்ணின் கைபிடித்து அழைத்துவருவான். அவனுடைய இரண்டாம் மனைவி ஜனீன் முன்வரிசையில் உட்கார்ந்து அம்மா வேஷம் கட்டுவாள். நடுவில் நிற்கிற இடத்தையாவது எவளும் பிடுங்க முடியாதே என்று நோலீன் கணக்குப் போட்டாள்.

"சூப்பர்மா, வேற ஆள் தேடற வேலை மிச்சம்" என்றாள் டீகன். அது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது.

வகுப்பில் மாணவர்களையே மாப்பிள்ளை, பெண்ணாக நிறுத்திப் பழக்கினாள் பயிற்சியாளர் ட்ரூடி.

"முத்தத்துக்கு முன்னாடியே நைசா ஓரமா நழுவிடணும். படத்துல பின்னாடி உங்க மூஞ்சி எட்டிப் பாத்துச்சுன்னா ஆயுசுக்கும் திட்டுவாங்க."

ஓய்வுபெற்ற கசாப்புக்காரர் கிளைவ் ஒவ்வொரு தடவையும் நட்டுவைத்த கம்பம்போல நின்றார். நோலீன் முதல் தடவையே காணாமல் போனாள்.

"அடேயப்பா! எங்க கத்துக்கிட்ட?" என்றாள் ட்ரூடி.

"டெஸ்மண்டோட குடும்பம் நடத்தினேனே, அங்கதான்."

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

மார்ச்சில், ஏரிக்கரையில் கல்யாணம். சட்டம் சொல்லச்சொன்ன வாசகத்தை ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். முத்தம் வந்தபோது கால் தானாகவே ஒதுங்கியது.

"குடும்பப் படம்! பொண்ணோட அப்பா அம்மா வாங்க!" என்று கூவினான் புகைப்படக்காரன்.

ஜனீன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு டெஸ்மண்டுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். நோலீனும் போனாள்.

"மேடம், கொஞ்சம் தள்ளிக்கங்க. செலிப்ரன்டோட அப்புறம் எடுக்கலாம்."

நோலீன் மகளைப் பார்த்தாள். 'இவங்கதான் எங்கம்மா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெற்று, பால் கொடுத்து, ஒற்றை ஆளாக வளர்த்ததற்கு அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை.

டீகன் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள். "அம்மா, ப்ளீஸ். நீ இன்னிக்கு வேலையா வந்திருக்க. ஜனீன் ஆசை ஆசையா தொப்பியெல்லாம் வாங்கியிருக்கா. அப்பா மூஞ்சியத் தூக்கி வெச்சுப்பாரு. நாம அப்புறமா ஒண்ணு எடுத்துக்கலாம்."

நோலீன் ஒதுங்கினாள். அங்கே எல்லோரும் பல்லைக் காட்டிச் சிரித்தார்கள்.

அந்த 'அப்புறம்' வரவே இல்லை. தேனிலவு முடிந்து டீகன் போன் செய்தாள்.

"படம் வந்துடுச்சும்மா! முத்தப் படம் அட்டகாசம். பின்னாடி ஏரி மட்டும்தான், யாருமே இல்ல. நீ எவ்வளவு அழகா நகர்ந்திருக்க தெரியுமா?"

"நல்லதுடி கண்ணு" என்றாள் நோலீன்.