தட்டினால் ஓடும் பெட்டி

"வீலை விடாதீங்க! பிடிங்க, பிடிங்க!"

கத்திக்கொண்டே இரும்புப் படிகளில் தடதடவென்று இறங்கினான் மேனேஜர். உலையின் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு கேஸ் வால்வின் வீலைக் கையால் திருகியபடி தொழிலாளிகள் மூச்சிரைத்தார்கள். உள்ளே குளம் போல உருகிய கண்ணாடி. சூடு இறங்கிக்கொண்டே இருந்தது. இன்னும் இறங்கினால் கண்ணாடி இறுகும். இறுகினால் தொட்டி பிளக்கும். பிளந்தால் தொழிற்சாலைக்குப் பூட்டுதான். மேனேஜர் நாற்காலி இன்னும் அவனுக்குப் பழகக்கூட இல்லை. அதற்குள் இந்த சோதனை.

மறுபடி மேலேறிக் கன்ட்ரோல் ரூமுக்குள் பாய்ந்தான். மேஜைமேல் கிடந்தது மஞ்சளடித்துப்போன பழைய கம்ப்யூட்டர் பெட்டி. வால்வுகளைத் திறந்து மூடி, சூட்டைக் கட்டிக்காத்து, உலையை ஆண்டுகொண்டிருந்த மகராசி அதுதான். இப்போது அதன் முதுகில் மெல்லிய புகை. திரை இருட்டு.

பக்கத்தில் தலையில் கைவைத்தபடி போர்மேன். ஷிப்ட் தொடங்கும்போது பெட்டியின் விலாவில் படார் படார் என்று இரண்டு போடு போட்டால்தான் அவருக்கு அன்றைய வேலை ஓடும். அதனால் அவர் முதுகுக்குப் பின்னால் எல்லாரும் வைத்த பெயர் 'இடி'.

"காலையிலகூட நல்லாத் தட்டினேன் சார்," என்றார் இடி. குரல் உடைந்திருந்தது. "இப்படி சொல்லாம கொள்ளாம போயிடுச்சே!"

"அழுகையை அப்புறம் வச்சுக்கலாம், தள்ளுங்க."

லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கியபடி உள்ளே வந்தாள் மேனேஜரின் அக்கா. எதிர்த் தெருவில்தான் அவள் கடை. உலகம் கைகழுவிய பழைய சிஸ்டங்களை அச்சுப் பிசகாமல் பிரதி எடுத்து, புதுக் கம்ப்யூட்டருக்குள் ஓடவைப்பது அவள் தொழில். தம்பி இங்கே வருவதற்கு முன்பிருந்தே இந்தத் தொழிற்சாலை அவளுடைய வாடிக்கை.

வால்வுக்குப் போகும் கேபிளைப் பெட்டியிலிருந்து பிடுங்கி லேப்டாப்பில் செருகினாள். திரையில் கறுப்புப் பின்னணி, பச்சை எழுத்துகள். அதே பழைய முகம்.

"ஐயோ, வேணாம்!" இடி குறுக்கே வந்தார். "முன்னாடி ஒரு இன்ஜினியர் இப்படித்தான் ப்ரோகிராமைப் புதுக் கம்ப்யூட்டர்ல போட்டார். வால்வு எல்லாம் குளிர்க் காய்ச்சல் வந்த மாதிரி பல்லைக் கடகடன்னு அடிச்சுது. அன்னைக்குத் தப்பிச்சதே புண்ணியம்!"

"அடிக்காம என்ன செய்யும்? இந்த ப்ரோகிராமுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாதுண்ணே. இத்தனை எண்ணிட்டு மூடு, இத்தனை எண்ணிட்டுத் திறன்னு எழுதியிருக்கு. பழைய கம்ப்யூட்டர் ஆமை, நிதானமா எண்ணும். புதுசு கண் சிமிட்டுறதுக்குள்ள எண்ணி முடிச்சுடும். அதனால நான் லேப்டாப்புக்குள்ளேயே ஒரு ஆமையை வளர்க்கிறேன்."

"ஆமை புகுந்த வீடு உருப்படுமாம்மா?"

"இந்த ஆமை புகுந்தா உருப்படும்."

மேனேஜரின் காதில் போன் இருந்தது. புதுக் கன்ட்ரோல் பொருத்தித் தர மாதக்கணக்கில் ஆகும் என்று யாரோ ஒருவர் தேனொழுகச் சொல்லிக்கொண்டிருந்தார். வைத்துவிட்டான்.

"அக்கா, உண்மையைச் சொல்லு. இதை ஓட்டிப் பார்த்திருக்கியா?"

"பார்த்திருக்கேன்."

"விளையாட்டுக்கு இல்ல. நிஜ உலையில?"

அக்கா அவனை நேராகப் பார்த்தாள். சின்ன வயதில் மதில்மேல் நின்றுகொண்டு 'குதிடா, நான் பிடிக்கிறேன்' என்று சொல்லும்போது இருந்த அதே பார்வை. ஒருதரம்கூட அவள் கை தவறியதில்லை.

"நிஜ உலையிலதான். விவரம் அப்புறம். கண்ணாடி உனக்காகக் காத்திருக்காது."

கீழேயிருந்து "கை மரத்துப்போச்சு சார்!" என்று அலறல் வந்தது.

மேனேஜர் கண்ணை மூடவில்லை. சாமியைக் கூப்பிடவில்லை. லேப்டாப்பின் பட்டனை அழுத்தினான்.

டக்.

நிசப்தம்.

டக்... டக்.

இடி காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். டக்... டக். அவசரமில்லாத, பழகிய நடை போன்ற வால்வுச் சத்தம். அவர் முகம் மெல்ல மெல்ல விரிந்தது.

"அதே நடை! தாயே, அதே நடைதான்!"

சூட்டு முள் தயங்கியது, நின்றது, பிறகு மேலே ஏறத் தொடங்கியது. கீழே இரண்டு பேரும் வீலை விட்டுவிட்டுத் தரையில் சாய்ந்தார்கள்.

"நல்லா ஓடுது, ஒத்துக்கிறேன்," என்றார் இடி, பழைய பெட்டியைத் தடவியபடி. "ஆனா என்ன இருந்தாலும் இவ மாதிரி வராது. புதுசை நம்பி நான் ஒருநாளும் உலை ஓட்டினதில்ல."

அக்கா சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்ததை மேனேஜர் பார்த்துவிட்டான். ஏதோ இடறியது. ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பெட்டியின் மூடியைக் கழற்றினான்.

உள்ளே பழைய போர்டு இல்லை. பழைய டிஸ்க்கும் இல்லை. ஓரத்தில் மின்சாரம் தரும் பழைய பவர் சப்ளை கருகிக் கிடந்தது; மற்றபடி காலியான கூட்டின் நடுவே, உள்ளங்கை அளவில் ஒரு புத்தம்புது போர்டு உட்கார்ந்திருந்தது.

"அக்கா... என்ன இது?"

"பழசு போன வருஷ மராமத்துலயே செத்துப்போச்சுடா. அன்னையிலேருந்து இந்த உலையை ஓட்டினது என் பிரதிதான். எனக்கும், உனக்கு முன்னாடி இருந்த மேனேஜருக்கும் மட்டும்தான் தெரியும். புதுசுன்னா அண்ணன் கிட்டயே போகமாட்டார்னு கூட்டை மட்டும் விட்டுவச்சோம்."

"முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா, திறந்து காட்டுன்னு நிப்பே. அண்ணன் மல்லுக்கு நிப்பார். அதுக்குள்ள கண்ணாடி பாறையாயிருக்கும்."

இடி குனிந்து கூட்டுக்குள் எட்டிப் பார்த்தார். "அப்போ... ஒரு வருஷமா நான் தினம் தட்டிக்கிட்டிருந்தது?"

"காலிப் பெட்டியைத்தான்." அக்கா கருகிப்போன பவர் சப்ளையிலிருந்து அறுந்து தொங்கிய ஒயரை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினாள். "உள்ளே பழசுன்னு மிச்சம் இருந்தது இது ஒண்ணுதாண்ணே. அதுவும் இன்னைக்கு உங்க தட்டுலதான் போச்சு."