தண்ணீர் முன்னால், சோறு பின்னால்

பனிச்சறுக்கு விளையாட வருகிறவர்களுக்காக மலையின் ஒரு பக்கத்தை மரமில்லாமல் வழித்து வைத்திருந்தார்கள். ஜூலை மாதத்தில் அந்தச் சரிவு வெறும் புல்லும் சரளையுமாகக் கிடந்தது. தலைக்கு மேலே கம்பியில் வரிசையாகத் தொங்கிய லிஃப்ட் நாற்காலிகள் ஆளில்லாமல் லேசாக ஆடின. லேக் டாஹோ பக்கம் வந்தால் எல்லாரும் ஏரியைப் பார்ப்பார்கள். வான்மதி மேலே ஏறிக்கொண்டிருந்த தன் புருஷன் கவினின் நீலத் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் வந்ததே கவினோடு பேசுவதற்குத்தான். தூரத்து டெக்ஸஸில், ஹூஸ்டனில் ஒரு பல்கலைக்கழகம் அவளுக்கு எம்.எஸ். படிக்க இடமும் உதவித்தொகையும் கொடுத்திருந்தது. வருகிறாளா இல்லையா என்று திங்கட்கிழமை சொல்லியாக வேண்டும். குளிர்காலத்தில் "அப்ளை பண்ணட்டுங்களா?" என்று கேட்டபோது, கவின் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமலே "பண்ணு, பண்ணு" என்றான். எங்கே, என்ன படிப்பு என்று கேட்கவில்லை. அவன் வேலை பார்த்த ஸ்டார்ட்-அப் அவனை முழுசாக விழுங்கியிருந்தது. சன்னிவேல் வீட்டுக்கு அவன் வரும் நேரத்தில் சாப்பாடும் ஆறியிருக்கும், பேச்சும் ஆறியிருக்கும். அதனால்தான் குடும்ப நண்பர் மணியன் அங்கிள் மலையேறக் கூப்பிட்டதும் அவள் முந்திக்கொண்டு சரி என்றாள். ஒரு நாள் முழுக்கப் பக்கத்தில் பக்கத்தில் நடந்தால் எப்படியும் பேசிவிடலாம்.

ஆனால் நம்மவர்கள் நாலு குடும்பம் கூடினால் ஆண்கள் ஹாலிலும் பெண்கள் சமையலறையிலும் போய் உட்காருவது வழக்கமாயிற்றே. மலைக்கு வந்தும் அது விடவில்லை. கார் நிறுத்திய இடத்திலேயே இரண்டு கூட்டமாகப் பிரிந்துவிட்டார்கள். ஐஸ் போட்ட கூலர் பெட்டி கனமென்று ஆண்கள் தூக்கிக்கொண்டார்கள். சாப்பாட்டுப் பைகள் வழக்கம்போலப் பெண்களிடம் வந்தன. ஆண்கள் லிஃப்ட் கம்பிக்கு நேர் கீழே செங்குத்தாக ஏற, பெண்கள் ஜீப் போகிற மண்பாதையில் சுற்றிக்கொண்டு நடந்தார்கள்.

பாதி வழியில் மணியனின் மனைவி வசந்தாமணி ஒரு பாறையில் பொத்தென்று உட்கார்ந்தார். திருப்பூர்க்காரர், புடவைக்கு அடியில் வெள்ளை ஸ்னீக்கர்.

"கண்ணு வான்மதி, அந்தத் தண்ணி பாட்டில எடு. நாக்கு ஒட்டிக்கிச்சு."

வான்மதி பைகளைத் துழாவினாள். புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், எலுமிச்சை ஊறுகாய்.

"தண்ணி இல்லீங்க ஆன்ட்டி."

"இல்லியா?"

"கூலர்ல இருக்குங்க. கூலர் அவிங்ககிட்ட."

வசந்தாமணி மலையுச்சியை ஒரு பார்வை பார்த்தார். "அப்ப தண்ணி பூராம் மேல, சோறு பூராம் கீழ! இதுல எல்லாரும் இன்ஜினியருங்களாமா!"

பெண்கள் சிரித்துச் சிரித்து இன்னும் தாகத்தை வரவழைத்துக்கொண்டார்கள். அப்போது மேலே சரளை உருண்டது. இரண்டு கையிலும் தண்ணீர்க் கேனோடு கவின் சறுக்கிச் சறுக்கி இறங்கி வந்தான்.

"பாத்தியா, பொண்டாட்டி இல்லாம பையனுக்கு இருப்புக் கொள்ளல," என்றார் வசந்தாமணி.

"அதில்லீங்க ஆன்ட்டி. அங்கிளுக்குப் பசி. மேல இருக்கற கடை ஸ்னோ சீசன்லதான் தொறப்பாங்களாம். நான்தான் சின்னவன்னு தள்ளி உட்டுட்டாங்க."

வான்மதிக்கு முகம் கொஞ்சம் வாடியது. ஆனாலும் தயிர்சாத டப்பாவை வேறு யாரும் தொடுவதற்குள் எடுத்துக்கொண்டாள். "புளிசாதம், தயிர்சாதம் ரெண்டையும் ஒராளு தூக்க முடியாதுங்க. நானும் போறேன்."

குறுக்குவழி சுவர் மாதிரி நின்றது. இங்கேயும் கவின் முன்னால் போய்க்கொண்டே எதையோ சொன்னான். சர்வர், டெட்லைன் என்று துண்டு துண்டாகக் காதில் விழுந்தது. வான்மதிக்கு மூச்சு வாங்கியது. அவள் நின்றுவிட்டாள். அவன் அது தெரியாமல் பேசிக்கொண்டே கொஞ்ச தூரம் ஏறி, பதில் வராததால் திரும்பிப் பார்த்தான்.

"என்னாச்சு அம்மிணி?"

"ஹூஸ்டன்ல எனக்கு சீட் கெடச்சிருக்குங்க. ஸ்காலர்ஷிப்போட."

கவின் புளிசாதப் பையைத் தோளிலிருந்து இறக்கினான். "எப்ப அப்ளை பண்ணின?"

"நீங்க பண்ணு பண்ணுன்னீங்களே, அப்ப."

"எங்கிட்ட எப்பச் சொல்றதா இருந்த?"

"நீங்க எப்ப நிக்கறதா இருந்தீங்க?"

பக்கத்துப் பாறை நிழலில் உருகாமல் மிச்சமிருந்த அழுக்குப் பனியிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. அவன் அதையே பார்த்தான். பிறகு ஏறிய தூரத்தை இறங்கி வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ரெண்டு வருஷமா?"

"ஆமாங்க."

"இங்கயே பக்கத்துல எதும் கெடைக்காதா?"

"இங்க ஃபீஸ் நாமதான் கட்டோணும்."

"நான் வேண்டாம்னு சொன்னா?"

"சொல்லுங்க. ஆனா முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க."

அவள் சொன்னாள். என்ன படிப்பு, கோபியில் பி.எஸ்ஸி. முடித்த நாளிலிருந்து அதன்மேல் இருந்த ஆசை, பகலெல்லாம் யாருமில்லாத வீட்டில் கார்பெட்டையே பார்த்துக்கொண்டிருக்கும் நேரம். நடுவில், தங்குவது எங்கே என்று அவன் கேட்டான். லீவு எப்போது என்று இரண்டு தடவை கேட்டான். அந்த இரண்டாவது தடவை அவன் குரல் இறங்கியிருந்தது.

கடைசியில் எழுந்து, தயிர்சாத டப்பாவையும் தானே வாங்கிக்கொண்டான்.

"நீ முன்னாடி போ. நான் பின்னால வரேன்."

அவள் தன் வேகத்தில் ஏறினாள். நின்றபோதெல்லாம் பின்னால் அவனும் நின்றான். அவன் மனதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

உச்சியில், லிஃப்ட் முடிகிற மேடையில், மணியன் அங்கிள் காகிதத் தட்டோடு தயாராக இருந்தார். "வாங்க வாங்க! டெக்ஸஸ்ல இருந்த வரைக்கும் மலைன்னு ஒண்ணு கண்ணுலயே பட்டதில்ல, இப்படிப் பட்டினியும் கெடந்ததில்ல." ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் பேர்லேண்டில் இருந்த காலத்தைச் சொல்லாமல் அவரால் ஒரு கவளம் இறங்காது.

கவின் அவர் தட்டில் புளிசாதத்தை வைத்தான். "அங்கிள், சன்னிவேல்ல இருந்து ஹூஸ்டனுக்குக் கார்ல போக எத்தன நாளாகுங்க?"

"எதுக்குப்பா? யாரு போறா?"

கவின் வான்மதியைப் பார்த்தான். நீயே சொல் என்பதுபோல ஒதுங்கி நின்றான். அவளுக்குக் கண் கரித்தது. மலைக்காற்று என்று வைத்துக்கொள்ளலாம்.

"நான்தாங்க அங்கிள். ஆகஸ்ட்ல காலேஜ் சேரோணும். இவரு டிரைவ் பண்றாருங்க."

"அட! அப்ப உக்காரு, ரூட் சொல்றேன்," என்று மணியன் புளிசாதத்திலிருந்து வேர்க்கடலைகளைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒவ்வொன்றாக வைத்தார். "இது நீங்க. இது வழியில வர்ற எல் பாசோ…"

ஆண்கள் வரிசையில் கவின் நகர்ந்து இடம் விட்டான். வான்மதி அவன் பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த கடலைக்காகக் காத்திருந்தாள்.