எழுதிக் கொடுங்கள்

அன்று வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் நான்கு பேர் இருந்தோம். சாப்பாட்டு மேஜையில், வாசலைப் பார்த்த நாற்காலியில் நான். எனக்கு எதிரே என் மைத்துனன். வக்கீல் ஆபீசில் குமாஸ்தா, அதனால் காகிதமும் பேனாவும் அவன் முன்னால். ஜன்னலோரம், நாற்காலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு முக்காலியின் விளிம்பில் எலெக்ட்ரீஷியன். என் மனைவி உட்காரவில்லை. சமையலறை நிலையில் சாய்ந்து நின்றாள்.

மாடியில் யாரும் இல்லை. ஐந்து நாட்களுக்கு முன்னால் அங்கே குளியலறையில் கண்ணாடிக்காரர் மின்சாரம் பாய்ந்து இறந்துபோனார். கண்ணாடி வெட்டுவது அவர் தொழில்; எங்களுடைய முதல் குடித்தனக்காரர். குடிவந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை.

"அத்தான், வாசிக்கிறேன், கேளுங்க. திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வந்ததும் இதை அப்படியே நீட்டிடலாம்" என்றான் மைத்துனன். வாக்குமூலத்தில் இரண்டே வரிகள். குடியிருந்தவர் எங்களிடம் எந்தப் புகாரும் தெரிவித்ததில்லை. சம்பவத்தன்று அவர் குளித்துக்கொண்டிருந்தபோதே அவர் மனைவி வெளியிலிருந்து ஹீட்டர் சுவிட்சைப் போட்டிருக்கிறார்.

"ரெண்டாவது வரி நாம சொல்றது இல்ல. அந்தம்மாவே ஊர் பூரா சொல்லிட்டு இருக்கு."

அது உண்மைதான். துக்கத்துக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அந்தப் பெண் வலது கையை நீட்டிக் காட்டினாள். "இந்தக் கைதாங்க. தண்ணி ஆறிப்போயிருக்கும்னு போட்டேன். நான்தாங்க போட்டேன்." தம்பி வீட்டுக்குக் கிளம்பும்போது படியில் நின்று என்னிடமும் சொன்னாள். நான் அவளுடைய தம்பியின் விலாசத்தைக் குறித்துக்கொண்டேன். வேறொன்றும் சொல்லவில்லை.

"முதல் வரி?" என்று கேட்டாள் என் மனைவி.

"அதுக்கென்னக்கா? வாயால சொன்னதுக்கெல்லாம் சாட்சி ஏது? எழுத்துல ஏதாச்சும் இருக்கா?"

"உங்க அத்தான்கிட்ட எழுத்துல இல்லாதது எதுடா இருக்கு? இந்த வீட்டுக்குள்ள பூனை வந்தாக்கூட நம்பர் போட்டுத்தான் உள்ள விடுவாரு."

யாரும் சிரிக்கவில்லை.

ஓர் அலுவலகத்தின் தபால் பிரிவில் முப்பத்தோரு வருடம் இருந்தவன் நான். ஓய்வு பெற்றதும் மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை, ஒரு குளியலறை கட்டி வாடகைக்கு விடுவதென்று முடிவானது. வீட்டுக்காரனாக இருப்பதை முறையாகச் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். தனிக் கோப்பு போட்டேன். பன்னிரண்டு விதிகளைத் தட்டச்சு செய்து மாடிக் கதவின் உட்புறம் ஒட்டினேன். ஐந்தாவது விதி: குறை எதுவானாலும் எழுதிக் கொடுக்கவும். படியில் போகிறபோது வருகிறபோது சொல்வது மறந்துபோகும் என்பது என் அனுபவம்.

கண்ணாடிக்காரர் அந்த மாதத் தொடக்கத்தில் படியில்தான் சொன்னார். "சார், குழாயைத் தொட்டா லேசா இழுக்குது."

"எழுதிக் கொடுங்க" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே இரண்டு கைகளையும் காட்டினார். கண்ணாடி வெட்டுகிற கை. எந்த நாளும் இரண்டு விரலிலாவது கட்டு இருக்கும். "இத வச்சுக்கிட்டு எழுதினா நானே வாசிக்க முடியாது சார்."

"மெதுவா எழுதுங்க. அவசரமில்ல."

அவசரமில்லை என்று நான்தான் சொன்னேன். ஒன்பது நாள் கழித்து எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார்.

எழுந்து போய் அலமாரியிலிருந்து கோப்பை எடுத்துவந்து மேஜையில் வைத்தேன். அவருடைய மகளின் பள்ளி நோட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட தாள். எழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்திருந்தன. மூலையில் என் கையெழுத்தில் வரவு எண் 4, கிடைத்த தேதி. மைத்துனன் அதைச் சத்தமாக வாசித்தான்.

"ஐயா, ஹீட்டர் ஓடும்போது குழாயைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது. நான் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் குழாயைத் திறக்கிறேன். மற்றவர்களுக்கும் தண்ணீரை நானே பிடித்து வைத்துவிடுகிறேன். வீட்டில் சொல்லவில்லை, பயந்துவிடுவார்கள். குழாய் லூஸ், தொடாதே என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். சீக்கிரம் பார்க்கவும்."

என் மனைவி நிலையை விட்டு மேஜைக்கு வந்தாள். தாளை வாங்கி ஒருமுறை தானே வாசித்தாள்.

"அப்போ அந்தப் பொண்ணுக்கு ஒண்ணுமே தெரியாது" என்றாள்.

எலெக்ட்ரீஷியன் முக்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "சார், எர்த் போடணும், முன்வாசல்ல ஒரு குழி தோண்டணும்னு நான் அப்பவே சொன்னேனா இல்லையா? ஓடு புதுசு, உடைக்காதே, அப்புறம் பாத்துக்கலாம்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"எர்த் மட்டும் இருந்திருந்தா ஹீட்டர்ல கசிஞ்ச கரண்ட் மண்ணுக்குள்ள போயிருக்கும். அவர் மேல வந்திருக்காது."

"குழி தோண்டாமலே கனெக்‌ஷன் கொடுத்தது யாருங்க?" என்று கேட்டான் மைத்துனன்.

அவர் மறுபடி உட்கார்ந்தார். "என் லைசென்ஸ் போயிடும் சார்" என்றார் தரையைப் பார்த்து.

மைத்துனன் தாளை என் பக்கம் தள்ளினான். "அத்தான், இது ஒரே ஒரு பேப்பர். அவர் நகல் எடுத்து வச்சிருப்பாரா?"

"ஒரு தடவை எழுதவே ஒன்பது நாள் ஆச்சு."

"அப்புறம் என்ன? அடுப்பு பக்கத்துலதான் இருக்கு. செத்தவர் திரும்பி வரப்போறதில்ல. நீங்க எதுக்கு உள்ள போகணும்?"

கோப்பில் அதற்கு அடுத்து இன்னொரு தாள் இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. அவர் கடிதம் கொடுத்த அன்று மதியமே நான் எழுதிய பதில் அது. 'தங்கள் கடிதம் கிடைத்தது. எலெக்ட்ரீஷியன் வரும் தேதி பின்னர் தெரிவிக்கப்படும். அதுவரை குளியலறை ஹீட்டரைப் பயன்படுத்த வேண்டாம்.' எலெக்ட்ரீஷியன் வெளியூர் வேலையில் இருந்தார். தேதி தெரிந்ததும் அதையும் சேர்த்து எழுதி மொத்தமாகக் கொடுக்கலாம் என்று கோப்பிலேயே வைத்துவிட்டேன். மாடிக்குப் போக பதினாறு படி. பதிலை எழுதி மடித்து வைத்ததும் எனக்கு வேலை முடிந்துவிட்டது போல இருந்தது. பதினோரு நாள் அப்படியே இருந்தது. பன்னிரண்டாம் நாள் காலையில் மாடியிலிருந்து சத்தம் கேட்டது.

அந்தத் தாளையும் எடுத்து மேஜையில் வைத்தேன். மைத்துனன் வாசித்துவிட்டுப் பேனாவை மூடினான்.

"உங்களுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு அத்தான். இத வெளிய காட்டினா நான்கூட உங்களைக் காப்பாத்த முடியாது." அவன் தான் எழுதிய வாக்குமூலத்தை மட்டும் மேஜையில் விட்டுவிட்டு, "அக்கா, நீயாவது சொல்லு" என்றான்.

என் மனைவி சமையலறைக்குள் போனாள். ஏற்கெனவே கழுவி வைத்த பாத்திரங்களை மறுபடி கழுவுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் மைத்துனனும் எலெக்ட்ரீஷியனும் ஒருவர் பின் ஒருவராகக் கிளம்பினார்கள்.

இன்ஸ்பெக்டருக்காக இரண்டு தாள்களுக்கும் கைப்பட நகல் எழுதி, ஓடு உடைக்க வேண்டாம் என்று நான் சொன்னதையும், எலெக்ட்ரீஷியன் குழி தோண்டாமலே கனெக்‌ஷன் கொடுத்ததையும் கீழே சேர்த்துக் கையெழுத்திட்டேன். பிறகு அந்தப் பெண்ணுக்கு எழுதினேன். நான்கு முறை கிழித்துப் போட்டு ஐந்தாவதாக எழுதியது இது:

'அம்மா, இத்துடன் உங்கள் கணவர் எனக்குக் கொடுத்த கடிதம் இருக்கிறது. அசல். அவர் உங்களைக் குழாயைத் தொடவிடாததன் காரணம் அதில் இருக்கிறது. சுவிட்சைப் போட்டது உங்கள் கைதான். குழாயில் மின்சாரம் வரும் என்று தெரிந்தும் சும்மா இருந்தது நான். நான் அவருக்கு எழுதிவிட்டு, கொடுக்காமல் வைத்திருந்த பதிலும் இத்துடன் உள்ளது. இரண்டையும் யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள். திருப்பி அனுப்ப வேண்டாம்.'

மன்னிப்பு என்ற சொல்லை எழுதவில்லை. எழுதினால் அவள் அதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மூன்று தாள்களையும் உறையில் போட்டு, கோந்து தடவி, ஓரத்தைக் கட்டை விரலால் அழுத்தினேன். அனுப்புகைப் பதிவேட்டில் வரிசை எண், தேதி, பெயர் எல்லாம் எழுதினேன். செருப்பை மாட்டும்போது என் மனைவி ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"விலாசம் சரியா எழுதினீங்களா?"

உறையைக் காட்டினேன். ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். தலையசைத்தாள்.

முன்வாசல் ஓடுகள் பளபளவென்று இருந்தன. அவற்றைத் தாண்டிப் போனேன். தபால் நிலையத்தில் பதிவுத் தபால் வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பேர். என் முறை வந்ததும் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் உறையை எடைத் தட்டில் வைத்தார்.

"உள்ள என்ன சார்?"

"பேப்பர்தான். ஒண்ணு பதினாறு நாள் முன்னாடியே போயிருக்க வேண்டியது."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு முத்திரையைக் குத்தினார். உறையைப் பின்னால் இருந்த பைக்குள் எறிந்தார்.