போன் பெட்டி மூடியில் இருந்த நம்பர்

உதயரூபன் என் வீட்டை விட்டுப் போன அன்றே வாசல் கதவின் பூட்டை மாற்றிவிட்டேன். எங்கள் ஊர்ப்பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை அதில் வந்து இருப்பார், பிரிந்தால் போகவேண்டியவரும் அவர்தான். ஒரு பையோடு அவன் இறங்கிப் போனான். சனியன் தொலைந்தது என்று நிம்மதியாகப் படுத்தேன். அதன்பிறகும் அந்தச் சனியன் ஏழு மாதமாக என் போனுக்குள் குடியிருந்தது எனக்குத் தெரியாது.

சந்தேகம் வராமல் இல்லை. எனக்கு வரும் மெயில்கள் நான் திறக்கும் முன்பே மெல்லிய எழுத்தில் கிடக்கும். படிக்காத மெயில் தடித்த எழுத்தில் அல்லவா இருக்க வேண்டும்? அம்மாவிடம் சொன்னால், "உனக்கு விசர் புள்ள. உதயன் அப்பிடிப்பட்ட ஆள் இல்ல," என்பார். மருமகன் போயும் மாமியாரின் பாசம் போகவில்லை. நானும் போனைத் திறக்கும் நம்பரை மூன்று தரம் மாற்றிப் பார்த்தேன். அதனால் ஒரு பலனும் இல்லை.

பிறகுதான் அந்த வேலை விஷயம் வந்தது. டவுனில் ஒரு தனியார் ஆய்வுகூடத்துக்கு விண்ணப்பித்திருந்தேன். நேர்முகத்துக்கு எப்போது கூப்பிடுவீர்கள் என்று கேட்கப் போனில் கோல் எடுத்தால், "நீங்கதானே மிஸ், குடும்ப நிலமையால வர ஏலாது எண்டு எழுதியிருந்தீங்க?" என்கிறார்கள்! அவர்கள் கூப்பிட்ட மெயிலையே நான் கண்ணால் காணவில்லை. அழாக்குறையாகக் கெஞ்சினேன். இன்னொரு நாள் தருகிறோம், ஆனால் விண்ணப்பத்தில் உள்ள முகவரிக்குத்தான் அனுப்புவோம் என்றார்கள். அதையும் அவன் முதலில் பார்த்தால் என் வேலை அவ்வளவுதான்.

என்னோடு உயர்தர வகுப்பில் படித்த முப்லிஹா காத்தான்குடியில் போன் கடை வைத்திருக்கிறாள். விஷயத்தைச் சொன்னதும், "போன் வந்த பெட்டி இரிக்கா? எடுத்திட்டு வா," என்றாள். கல்லடியில் பஸ் ஏறிப் போனேன். போன் பெட்டியைக் குப்பையில் போட எங்கள் வீடுகளில் யாருக்கு மனம் வரும்? கல்யாணப் பட அல்பத்துக்கு மேலேயே பத்திரமாக இருந்தது.

மூடியைத் திறந்தாள். போன் விற்ற கடைக்காரர்தான் எனக்கு மெயில் கணக்கும் திறந்து தந்தவர். முகவரியையும் பாஸ்வேர்டையும் பேனாவால் மூடிக்குள் எழுதியிருந்தார். கீழே ஒரு நம்பர்.

"இது ஆர்ட நம்பர் கா?"

"உதயன்ட. போன் வாங்கித் தந்தது அவன்தானே."

"அல்லாஹ்வே! நீ மாத்தினது போன்ட பூட்டு. மெயிலுக்கு இன்னும் கடைக்காரன் போட்ட பூட்டுத்தான். பாஸ்வேர்ட் மறந்தா கோட் போறதும் அவன்ட நம்பருக்கு. முன்கதவைப் பூட்டிப்போட்டுப் பின்னால குசினிக் கதவைத் திறந்து வெச்சிரிக்காய்."

வந்த ஆத்திரத்தில் பெட்டியைக் கிழிக்கப் போனேன். முப்லிஹா பறித்துக்கொண்டாள். என் கணக்கு எந்தெந்தப் போன்களில் திறந்திருக்கிறது என்று பார்த்தாள். இரண்டு. ஒன்று என் கையில்.

"முதல்ல இந்த லிஸ்டைப் படம் எடுத்து வை. பொலிசுக்குப் போக வந்தா காட்டலாம்."

அவனுடைய நம்பரை அழித்து என் நம்பரைப் போட்டாள். புதுப் போன் எதில் திறந்தாலும் என் அனுமதி கேட்க வைத்தாள். "இனிப் பாஸ்வேர்டை நீயே போடு. எனக்கும் சொல்லாத. அவனுக்குத் தெரியாத ஏதாவது யோசி," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆறு வருடம் கூட இருந்தவனுக்குத் தெரியாதது என்ன இருக்கும் என்று முதலில் திகைத்தேன். ஆனால் அவன் என்னைப் பற்றி ஒருநாளாவது ஏதாவது கேட்டிருக்கிறானா? நிறையவே இருந்தது. கடைசியாக அந்த இரண்டாவது போனை வெளியேற்றினோம். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். அவருடைய போன் அடித்தது. கையெல்லாம் செதில் என்பதால் ஸ்பீக்கரில் போடச் சொன்னார். உதயன்தான்.

"மாமி, வதனிட போன் பழுதாப் போச்சா? மத்தியானத்தில இருந்து அவள்ட மெயில் ஒண்டும் வருகுதில்ல."

அம்மாவின் கை நின்றது. என்னைப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்தார்.

"அவள்ட மெயில் உனக்கு என்னத்துக்கு மகன் வரணும்?"

அந்தப் பக்கம் கோல் வெட்டுப்பட்டது.

"நாசமாப் போவான்! ஆறு வருசமா மீன்ல நடுத்துண்டாப் பாத்துப் பாத்து வெச்சனே!" என்று அம்மா கத்தியை ஓங்கி இறக்கினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரிக்கச் சிரிக்கக் கண்ணீரும் வந்தது. "என்னை மன்னிச்சுக்க புள்ள," என்று அம்மா மெல்லச் சொன்னதும்தான் எனக்கு நெஞ்சு லேசானது.

வியாழக்கிழமை மெயில் வந்தது. தடித்த கறுப்பு எழுத்து.

"திறவன் புள்ள, என்னத்தைப் பாத்துக்கொண்டு இரிக்காய்?"

"கொஞ்சம் பொறுங்க அம்மா."

ஆசை தீரப் பார்த்துவிட்டுத் திறந்தேன். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வருகிறேன் என்று நானே பதில் எழுதினேன்.