ஆறாவது சீடி டெபோராவிடம் இருக்கிறது

1

இந்தக் கதை எனக்கு ஒரு மெக்கானிக் கடையில் கிடைத்தது. வண்ணாரப்பேட்டையில் மிக்சியைப் பழுது பார்க்கக் கொடுத்துவிட்டு நின்றபோது, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா கட்டைப்பையிலிருந்து பழைய டிவிடி பிளேயரை எடுத்து மேசைமேல் வைத்தார். கடைக்காரர் சிரித்துவிட்டார்.

"இத இன்னும் யாருமா வெச்சிகினு கீறாங்க?"

"நான் வெச்சிகினு கீறேன். செஞ்சி குடு."

அவர் பெயர் பூவம்மா என்று வைத்துக்கொள்வோம். என் மிக்சி சரியாவதற்குள் முழுக்கதையையும் சொல்லிவிட்டார், முடிவைத் தவிர. முடிவு அவருக்கே தெரியாது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ராயபுரத்தின் உப்புக்காற்றில் துருப்பிடித்த ஜன்னல் கம்பிகளுக்கு அப்பால் பூவம்மாவின் மனமும் மெல்ல…' ச்சே. அவர் படித்தால் "இன்னா சார், ஒரே பேஜாரா கீது" என்பார். அடித்துவிட்டேன்.

2

ராயபுரத்தில் ஒரு பழைய குடியிருப்பு. இரண்டாம் மாடியில் பூவம்மாவும் டெபோராவும் எதிரெதிர் வீடு. வண்ணாரப்பேட்டை ரெடிமேட் கடைகளிலிருந்து சட்டைகள் மூட்டையாக வரும். நூல் பிசிறு வெட்டித் தர வேண்டும். மதியமானால் இருவரும் பூவம்மா வீட்டில் டிவிக்கு முன்னால் கத்தரியோடு உட்கார்ந்துவிடுவார்கள்.

பூவம்மாவின் கணவர் குணசேகரன், பாட்டு சீடி என்று நினைத்து யானைக்கவுனி பிளாட்பாரத்தில் ஒரு பெட்டியை வாங்கி வந்தார். போட்டுப் பார்த்தால் பாட்டு இல்லை. எப்போதோ டிவியில் வந்த மர்மத் தொடர். மலை பங்களா, காணாமல் போன டாக்டர், யாரைப் பார்த்தாலும் சந்தேகம். மொத்தம் ஆறு சீடி. (தொடரின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் நீங்கள் அதைத் தேடிப் போய்விடுவீர்கள், நான் இங்கே தனியாகப் பேசிக்கொண்டிருக்க வேண்டும்.) குணசேகரன் ஏமாந்த கடுப்பில் படுத்துவிட்டார். பெண்கள் இருவரும் அன்று உலை வைக்கவே மறந்தார்கள்.

ஒருத்தி இல்லாமல் மற்றவள் பார்க்கக் கூடாது என்று பேச்சு. "சத்தியம் பண்ணக் கூடாதுன்னு பாஸ்டர் சொல்லிகீறாரு" என்று சொல்லிக்கொண்டே டெபோரா சத்தியம் செய்தாள். ஒரு துரத்தல் காட்சியில் பிசிறோடு காலரையும் சேர்த்து வெட்டியவள் அவள்தான்.

4

(மூன்று எங்கே என்று திருப்பிப் பார்க்காதீர்கள். பத்திரமாக வைத்திருக்கிறேன், கடைசியில் தருகிறேன்.)

ஐந்தாவது சீடி முடிந்த வாரம் வீட்டைக் காலி செய்ய வேண்டி வந்தது. பழைய கட்டடம், இடித்துக் கட்டப் போகிறார்கள். பூவம்மா குடும்பம் திருவொற்றியூருக்கு வாடகைக்கு வந்தது. டெபோரா குடும்பம் தெற்குக் கோடியில் இருக்கும் பெரும்பாக்கத்துக்குப் போனது. ஒரே சென்னைதான், பேருக்கு. போக அரை நாள், வர அரை நாள். ஒரு மூட்டையைத் தாமதித்தால் அடுத்த மூட்டை வேறு வீட்டுக்குப் போய்விடும்.

சாமானைப் பிரித்தபோது பெட்டியில் ஐந்து சீடிதான் இருந்தது. பூவம்மா டெபோராவுக்குப் போன் போட்டார்.

"எக்கா, ஆறாவது என்கிட்ட கீது. எப்டி வந்துச்சினே தெர்ல."

எப்படி வந்ததாம்? இந்த இடத்தில்தான் எனக்கு டெபோரா மேல் சந்தேகம். வேண்டுமென்றே எடுத்தாள் என்று எழுதினேன், அடித்தேன். தவறுதலாக என்று எழுதி, அதையும் அடித்தேன். கடையிலேயே பூவம்மாவைக் கேட்டிருந்தேன்.

"எடுத்துகினுதான் போயிருப்பா. அவ எடுக்காங்காட்டி நானே அவ மூட்டையில போட்டிருப்பேன்."

5

மூன்று வருடமாகிறது. முதலில் தினமும் பேசினார்கள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை மட்டும். இப்போது கிறிஸ்மசுக்குக் கிறிஸ்மஸ். ஒவ்வொரு முறையும் "வாடி" என்று இவர், "வரேங்க்கா" என்று அவள். பிசிறு வெட்ட உட்கார்ந்தால் பூவம்மாவுக்குக் கண் தானாகப் பக்கத்து இடத்துக்குப் போகிறது. "அவ வோணும் சார் எனக்கு" என்றார். இதற்குமேல் நான் என்ன எழுதிவிடப் போகிறேன்?

போன மாதம் மகன் எழிலன் செல்போனை நீட்டியிருக்கிறான். "எம்மா, உன் சீரியல் மொத்தமும் யூடியூப்ல கீது. இந்தா, கடைசி பார்ட்டு. கொலகாரன் யாருன்னு பாத்துட்டு நிம்மதியா தூங்கு."

பூவம்மா போனைக் கவிழ்த்து வைத்தார். "பாத்துட்டா அப்பால அவள எதுக்குடா கூப்புடறது?"

அப்புறம்தான் பயம் பிடித்தது. டெபோரா வீட்டிலும் செல்போன் இருக்குமே. அவள் பார்த்து முடித்திருந்தால்?

அந்தப் பயத்தோடுதான், அவளோடு உட்கார்ந்து பார்க்கப் பிளேயராவது ஓடட்டும் என்று கடைக்கு வந்திருந்தார். பிளேயர் ஓடியது. வாசலில் நின்றபடியே போன் போட்டார்.

"டெபோரா, ஆறாவத பாத்துட்டியாடி?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

[இங்கே இரண்டு முடிவு வைத்திருக்கிறேன். ஒன்றில் டெபோரா, "அது எப்பவோ பாத்தாச்சிக்கா, கதையே மறந்துடிச்சி" என்கிறாள். இன்னொன்றில், "எதுல போட்டு பாக்கறது? மிஷினு உன்கிட்டதான கீது" என்கிறாள். நிஜத்தில் என்ன சொன்னாளோ, எனக்குக் கேட்கவில்லை. பூவம்மா பேசிக்கொண்டே தெருமுனைக்கு நடந்து, கட்டைப்பையோடு ஒரு பஸ்ஸில் ஏறிவிட்டார். திருவொற்றியூர் பஸ்ஸா, தெற்கே போகிறதா என்று பார்ப்பதற்குள் ஒரு லாரி மறைத்துவிட்டது.]

ஆறாவது பகுதி என்னிடம் இல்லை. நீங்கள்தான் எழுத வேண்டும். இரண்டு பஸ் தள்ளி உங்களுக்கும் ஒருவர் இருந்தால், அது ஒன்றும் கஷ்டமில்லை. என்னிடம் மிச்சம் இருப்பது மூன்றுதான். அதை வேண்டுமென்றேதான் கடைசியில் போடுகிறேன்.

3

மூன்று, நான்கு சீடிகளின் மேல் எழுத்து அழிந்துபோயிருந்தது. மூன்றாவதற்கு முன்னால் நான்காவதைப் போட்டுவிட்டார்கள். அதில் டாக்டரின் டிரைவர் செத்து, மாலையோடு கிடந்தான். இருவருக்கும் பிடித்த ஆள். பிசிறு வெட்டாமல் அழுதார்கள்.

மறுநாள் மதியம் அடுத்த சீடி. அதே டிரைவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு கதவைத் திறந்து உள்ளே வருகிறான். டெபோரா கத்தரியோடு எழுந்து நின்று, "ஸ்தோத்திரம்" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் விஷயம் புரிந்துவிட்டது.

"எக்கா, மாத்திப் போட்டுகீறோம். இவன் சாவப்போறவன்."

"தெரிதுடி. இப்ப உயிரோட வந்துகீறான்ல. மறைக்காம குந்து."

டெபோரா நகர்ந்து வந்து, பூவம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள்.