வேட்டமலை உச்சியிலிருந்து தெரியாத காலனி

வேட்டமலைக் கோட்டையின் உச்சியில் நின்று பார்த்தால் கீழே இருக்கும் காலனி தெரியாது. மற்றதெல்லாம் தெரியும். அனந்தபுரம் கடைத்தெரு, ஏரி, ரைஸ்மில் புகைபோக்கி, கரும்புக் கொல்லைகள், வானம் தெளிந்திருந்தால் விழுப்புரம் பக்கத்து செல்போன் டவர்கள்கூடத் தெரியும். நவாபின் ஆட்களும் வெள்ளைக்காரர்களும் மாறி மாறிப் பிடித்துப் பீரங்கி வைத்த கோட்டை அது. எதிரி எந்தப் பக்கமிருந்து வந்தாலும் பார்த்துவிட வேண்டும் என்றே கட்டியது. ஆனால் மலையடியில் காலனி இருக்கும் இடத்தில் மட்டும் கரம்பு நிலமும் சீமைக்கருவேல முள்ளுமே தெரிந்தன. எவ்வளவு காலமாக இப்படி என்று சொல்வாரில்லை. மேலே போன ஊர்க்காரர்கள் காலனியைத் தேடவில்லை. காலனிக்காரர்களுக்கு மேலே போக வேலை இல்லை.

முதலில் கவனித்தவள் அம்சவள்ளி. கோட்டையைச் சுற்றுலா இடமாக்கப் போகிறார்கள் என்று புல் செதுக்க ஆள் எடுத்தபோது அவளும் போனாள். சோற்று நேரத்தில் மதிலோரம் உட்கார்ந்து தன் வீட்டைத் தேடினாள். மாரியம்மன் கோயில் தெரிந்தது. அங்கிருந்து காலனிக்குத் திரும்பும் மண்பாதை தெரிந்தது. பாதை முள்ளுக்குள் போய் நின்றுவிட்டது. சாயங்காலம் இறங்கி வந்தால் வீடு வைத்த இடத்திலேயே இருந்தது. காணை ஊர்ப் பக்கம் கரும்பு வெட்டிவிட்டுத் திரும்பியிருந்த புருஷன் முத்துசாமியிடம் சொன்னாள். அவன் முகம் கழுவிக்கொண்டே, "இத்த இன்னிக்குத்தான் கண்டுபுடிச்சியா?" என்றான்.

மழை முடிந்ததும் பஸ்கள் நிறுத்த இடம் பார்க்க அதிகாரிகள் மலையேறினார்கள். அவர்களில் சீனுவாசன் என்ற இன்ஜினியர் பைனாகுலரில் பார்த்துவிட்டு, காலனி இருந்த இடத்தைக் கைகாட்டினார். தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்த அம்சவள்ளி, "சார், அங்க எங்க வூடுங்கல்லாம் இருக்குது" என்றாள்.

"எங்கம்மா? வெறும் முள்ளுதானே இருக்கு?"

"கீழ எறங்கி வந்து பாருங்க சார். நூறு பேருக்கு மேல இருக்கறோம்."

அவருக்கு அன்று வேறு இரண்டு இடங்கள் பார்க்க வேண்டியிருந்தது. போகிற அவசரத்தில் மேலிருந்தே படம் எடுத்துக்கொண்டார்.

அவர் மறுபடி வந்த நாளில் காலனியே வேலைக்குப் போகவில்லை. வைக்கோலைக் கொளுத்திப் புகை எழுப்பினார்கள். தகரத்தைத் தட்டினார்கள். முத்துசாமி ஓட்டுக்கூரை மேல் ஏறி நின்று அம்சவள்ளியின் சிவப்புப் புடவையைக் கை ஓயும்வரை ஆட்டினான். உச்சியில் அவள் இன்ஜினியரின் பக்கத்தில் நின்று, "எங்க வூட்டுக்காரரு கூரை மேல நின்னுக்கினு பொடவைய ஆட்டிக்கினு இருக்காரு சார்" என்றாள். சீனுவாசன் கெட்ட மனிதரில்லை. கண்ணைச் சுருக்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு, "உனக்குத் தெரியுதாம்மா?" என்று கேட்டார்.

அவளுக்குப் பொய் வரவில்லை. "தெர்ல சார். ஆனா இருக்காரு."

அவர் பைனாகுலரை உறைக்குள் போட்டார்.

பொக்லைன் ஓட்டி வந்தவன் கண்ணுக்கு வீடுகள் தெரிந்தன. கையில் கொடுத்திருந்த படத்தில் அவை இல்லை. யாருக்கோ போன் போட்டுக் கேட்டான். பிறகு படத்தை நம்பினான். காலனிக்காரர்களுக்குத் திண்டிவனத்துக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு கிடைத்தது. இல்லாத வீடுகளுக்கு மாற்று வீடு எதற்கு என்று எந்த ஆபீசிலும் யாரும் கேட்கவில்லை. முத்துசாமிக்கு மூன்றாம் மாடி. அங்கே கரும்பும் இல்லை, கூப்பிடுவாரும் இல்லை. ஜன்னலில் எதிர்க் கட்டடத்துச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவன், ஐப்பசி அடைமழையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தான்.

காணும் பொங்கலன்று கோட்டை உச்சியில் பார்வை மேடை திறந்தார்கள். அன்று காலையிலிருந்து காலனி தெரிய ஆரம்பித்தது. பஸ்கள் போய் நிற்கிற தார்த்தரை மேலிருந்து தெரியவில்லை. அந்த இடத்தில் ஓட்டு வீடுகள், ஆடுகள், கோழிகள், கூரைமேல் கிளம்பும் அடுப்புப் புகை. வந்தவர்கள், வில்லேஜ் வியூ சூப்பராக இருக்கிறது என்று சொல்லிப் படம் எடுத்தார்கள். சீனுவாசன் ஒருமுறை வந்து பார்த்தார். அரை நாள் நின்றார். இறங்கிப் போனவர் வேறு ஜில்லாவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார்.

விஷயம் காதுக்கு எட்டியதும் அம்சவள்ளி திண்டிவனத்திலிருந்து பஸ் பிடித்து வந்தாள். அவளும் டிக்கெட் வாங்கித்தான் மேலே ஏற வேண்டியிருந்தது. கீழே அவர்கள் வீட்டு வாசலில் முத்துசாமி குந்திக்கொண்டு கரும்புக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். "இன்னாங்க! இங்க பாருங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். அவன் நிமிர்ந்தான். வெயிலுக்கு நெற்றியில் கையை வைத்து மலையை நேராகப் பார்த்தான். அவள் கையை ஆட்டினாள், பையை ஆட்டினாள். மொட்டை மலையைப் பார்க்கிறவன் மாதிரி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவன் குனிந்து மறுபடி தீட்டத் தொடங்கினான்.

இப்போது மாதம் ஒருமுறை வருகிறாள். கத்துவதில்லை. கம்பியைப் பிடித்து நின்று, சாப்பிட்டானா, கூரையில் ஓடு நழுவியிருக்கிறதா என்று பார்ப்பாள். போன முறை பாண்டிச்சேரியிலிருந்து வந்த ஒரு பெண், "அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன், வியூவ மறைக்கிறீங்க" என்றாள்.

அம்சவள்ளி தள்ளி நின்றாள்.