தலைவர் சொன்ன பதில்

அருட்செல்வம் வீட்டை விற்க முடிவெடுத்ததற்குக் காரணம் மனைவி மரியமலரின் முழங்கால். படியேறி இறங்க அவளால் முடியவில்லை. புருசெத் பகுதியில் லிஃப்ட் உள்ள கட்டடமொன்றில் சிறிய வீடு பார்த்து வைத்திருந்தார்கள்.

விற்கவிருந்த வீடு நோர்வேயின் லோறென்ஸ்கூக் ஊரின் ஓரத்தில், காடு தொடங்குமிடத்தில் இருந்தது. நகரசபைத் தண்ணீர் அந்தத் தெருவுக்கு வருவதில்லை. தெருவிலுள்ள வீடுகள் எல்லாம் சேர்ந்து ஓர் ஆழ்துளைக் கிணறும் பம்ப் அறையும் நிலத்தடிக் குழாயும் வைத்திருந்தன. அவற்றைப் பராமரிக்க ஒரு தண்ணீர்ச் சங்கம். அங்கே வீடு வாங்குகிறவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் சங்கத்தின் உறுப்பினர். சங்கம் எடுத்த முடிவுகளும் வீட்டோடு சேர்ந்து கைமாறும். சில வருடங்களாக அருட்செல்வம்தான் தலைவர். பஸ் ஓட்டுகிற ஒரு தமிழனை நோர்வேக்காரர்கள் தாங்களாகவே தலைவராக்கியதில் அவருக்கு உள்ளூரப் பெருமை.

அந்த வருடக் கூட்டத்தில் ஒரு முடிவு எடுத்தார்கள். குழாய் உக்கிப்போய்விட்டது, அடுத்த கோடையில் தெருவையே கிண்டிப் புதுக்குழாய் போட வேண்டும், செலவு வீட்டுக்கு வீடு பங்கு. பெரிய பங்கு. எல்லோரும் கை தூக்கினார்கள். முடிவை எழுந்து நின்று அறிவித்தவர் அருட்செல்வம்.

இரண்டு மாதம் கழித்து, விற்பனை முகவர் எம்மா அவரது குசினி மேசையில் வந்து உட்கார்ந்தாள்.

"சட்டம் இப்போது இறுக்கமாகிவிட்டது. உங்களுக்குத் தெரிந்த குறை எதையும் வாங்குபவரிடம் மறைக்கக்கூடாது" என்றாள். கூரை, நிலவறை, மின்சாரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். யன்னல் கொளுக்கி ஒன்று ஆடுவதைக்கூட அவர் சொன்னார்.

"தண்ணீர்ச் சங்கத்தின் தலைவரிடமும் நான் விசாரிக்க வேண்டும். யார் அவர்?"

"நான்தான்."

எம்மா சிரித்தாள். "அப்படியானால் வேலை சுலபம். வாங்குபவர் அறிய வேண்டியது ஏதும் உண்டா?"

மரியமலர் அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

"விசேஷமாக ஒன்றுமில்லை" என்றார் அருட்செல்வம்.

எம்மா போனபிறகு மரியமலர் கேட்டாள்: "குழாய் விசயம் சொல்லேல்லையே?"

"அது சங்கத்தின்ர விசயம். வாறவைக்கு சங்கம் சொல்லும்."



வாங்க வந்தவர்கள் எல்லிங்ஸ்ருட்டில் வாடகைக்கு இருந்த அஜந்தாவும் அவள் கணவன் நிருஜனும். விற்கிறவர் தமிழர் என்று அறிந்ததுமே அஜந்தாவின் முகம் மலர்ந்துவிட்டது. வீடு பார்க்க வந்த மற்றவர்கள் எல்லோரும் சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். அவள் ஒன்றையும் தட்டவில்லை. "அண்ணை, உங்களைப் போல ஆக்களிட்ட வாங்கிறது எங்களுக்கு நிம்மதி" என்றாள். அருட்செல்வம் பனி தள்ளும் மெசினை இலவசமாக விட்டுப் போவதாகச் சொன்னார். அதைச் சொன்னபோது நெஞ்சு கொஞ்சம் லேசானது போல இருந்தது.

வீட்டை அஜந்தாவும் நிருஜனும் வாங்கிக் குடிவந்தார்கள். மாசியில் சங்கம் வைத்த அவசரக் கூட்டத்துக்கு அவர்களும் வந்திருந்தார்கள். புதுத் தலைவர் தெரிவாகும்வரை பொறுப்பு அருட்செல்வத்துடையதுதான்; வராமலிருக்க முடியவில்லை. குழாய்வேலைப் பேச்சை எப்படி எடுப்பது என்று அவர் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்து வீட்டுக் கிழவர் ஊட்வார் பேச ஆரம்பித்துவிட்டார். எப்போது கிண்டுவது, யார் எவ்வளவு கட்டுவது.

அஜந்தா நிமிர்ந்தாள். "இது புது முடிவா?" என்று நோர்வேஜிய மொழியில் கேட்டாள்.

"இல்லை. போன வருடமே எடுத்தது. அருள்தான் கூட்டத்தை நடத்தினார்" என்றார் ஊட்வார்.

எல்லோரும் அருட்செல்வத்தைப் பார்த்தார்கள். அஜந்தா தமிழில் மெல்லக் கேட்டாள்: "அண்ணை, சொல்ல மறந்திட்டியளோ?"

அவள் திறந்துவிட்ட வழி அது. அவர் அதற்குள் புகுந்துகொண்டார். "ஓம் தங்கச்சி. மறந்துபோனன்."

உடனே அவள் எழுந்து கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்: "அவர் மறந்துவிட்டார். விற்பனை அறிக்கையில் ஆடுகிற கொளுக்கியைக்கூடச் சொன்ன மனிதர். தெரிந்து மறைக்கிறவர் இல்லை."

ஊட்வார் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அறையில் அவளையும் நிருஜனையும் தவிர எல்லோருக்கும் உண்மை தெரிந்திருந்தது. யாராவது அருட்செல்வத்தைப் பொய்யன் என்று கத்தியிருந்தால் எதிர்த்துக் கத்தியிருப்பார்.

வீட்டுக்கு வந்து மரியமலரிடம் நடந்ததைச் சொன்னார். அவள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அந்தப் பிள்ளை உங்களுக்காகக் கதைச்சவளே?" என்றாள்.

மறுநாள் வேலை முடிந்ததும் சீருடையோடே போய்த் தனது பழைய வீட்டுக் கதவைத் தட்டினார். அஜந்தா கதவைத் திறந்து, "வாங்கோ அண்ணை, தேத்தண்ணி குடிப்பம்" என்றாள். அவர் சப்பாத்தைக் கழற்றவில்லை.

"நான் மறக்கேல்லை, தங்கச்சி. தெரிஞ்சுதான் சொல்லாமல் விட்டனான். எம்மா கேட்டவ. விலை குறைஞ்சிடும் எண்டு பயம்."

அஜந்தா நிலைக்கதவைப் பிடித்தபடி நின்றாள். "நேற்று நான் எல்லாருக்கும் முன்னால எழும்பிச் சொன்னனானே" என்றாள்.

"ஓம்."

"அப்ப நீங்கள் பேசாமல் இருந்தனீங்கள்."

குழாய்வேலையில் அந்த வீட்டின் பங்கைத் தானே கட்டுவதாக அருட்செல்வம் சொன்னார். உள்ளேயிருந்து வந்த நிருஜன், வக்கீலோடு கதைத்துவிட்டுச் சொல்வதாகக் கூறிக் கதவைச் சாத்தினான். அவர்கள் வழக்குக்குப் போகவில்லை; வக்கீல் எழுதியபடி அருட்செல்வம் கடனெடுத்துக் கட்டினார்.

வருடக் கூட்டத்துக்குப் பம்ப் அறைச் சாவியை ஒப்படைக்கப் போனபோது, புதுத் தலைவராக அஜந்தாவைத் தெரிவு செய்திருந்தார்கள். அவள் கொண்டுவந்த முதல் விதி இது: தலைவர் தன் வீட்டை விற்றால், சங்கத்தின் சார்பில் முகவருக்குப் பதில் சொல்வது வேறொருவராக இருக்க வேண்டும். எல்லாக் கைகளும் உயர்ந்தன. விதியில் யார் பெயரும் இல்லை. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அருட்செல்வம், எல்லோரும் தன் பக்கம் திரும்பாமல் இருப்பதற்குப் படும் பாட்டைப் பார்த்தார்.

முடிவில் சாவியை நீட்டினார். "தங்கச்சி, பம்ப் அறைக் கதவு கொஞ்சம் இறுக்கம்..."

"தக்" என்று நோர்வேஜிய மொழியில் நன்றி சொல்லி அவள் வாங்கிக்கொண்டாள். வேறு ஏதும் உண்டா என்றும் அதே மொழியில்தான், முன்பின் அறியாத ஒருவரிடம் கேட்கிற மரியாதையோடு கேட்டாள்.

அவரும் அதே மொழியில், இல்லை என்றார்.